ஆலய மண்டபத்தில் மழலையர் பள்ளி: நான்கு வழிகள், உங்கள் சபைக்கு எது?

கேள்வி எப்போதும் மண்டபத்திலிருந்துதான் தொடங்குகிறது. “ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் ஆலய மண்டபம் பூட்டித்தான் கிடக்கிறது. அக்கம்பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் நிறைய. ஒரு மழலையர் பள்ளி ஆரம்பித்தால் இந்தப் பகுதிக்கு ஓர் ஊழியமாக இருக்குமே. சபையே நடத்துவதா, தனி அறக்கட்டளை அமைப்பதா, நடத்தத் தெரிந்தவர்களிடம் இடத்தைக் கொடுத்துவிடுவதா?” கமிட்டியில் இருப்பவர்கள், போதகர்கள், சில சமயம் ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் என்று பலரும் இதையே சின்னச் சின்ன மாற்றங்களோடு கேட்கிறார்கள்.

சபைப் பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழுவில் சில வருடம் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நாங்களும் மண்டபத்தைப் பார்த்துத்தான் ஆரம்பித்தோம். சுவருக்கு வண்ணம் அடித்தோம், குட்டி நாற்காலிகள் வாங்கினோம், திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தோம். தலைமை ஆசிரியையைக் கடைசியில் தேடினோம். கிடைத்தவர் எட்டு மாதத்தில் போய்விட்டார். நாங்கள் கொடுத்த சம்பளம் அப்படி. அடுத்தவர் வரும்வரை போதகரின் மனைவிதான் வகுப்பைத் தாங்கினார். அவரிடம் “முடியுமா?” என்று யாரும் கேட்கவில்லை, “நீங்கள்தான் இருக்கிறீர்களே” என்றோம். சுவர் வண்ணம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

இந்த வேலையின் வரலாறே வேறு மாதிரி தொடங்கியது. பிரான்ஸின் வோஜ் மலைப்பகுதியில் வால்டர்ஸ்பாக் என்ற ஏழை ஊருக்கு 1767இல் போதகராக வந்தவர் ழான் ஃபிரெடரிக் ஓபர்லின். அங்கே உருவான மழலையர் பள்ளிகளுக்குத் தனிக் கட்டடம் இல்லை. அடுப்புச் சூடு உள்ள வீட்டு அறைகளில் பிள்ளைகள் கூடினார்கள். சாரா பான்சே, லூயிஸ் ஷெப்லர் போன்ற உள்ளூர் இளம்பெண்கள் அவர்களுக்குப் பின்னல் வேலையும் கதையும் செடிகொடிகளின் பெயரும் சொல்லிக்கொடுத்தார்கள். கல்வியாளர் ஃபிரோபெல் ஜெர்மனியில் ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயரைச் சூட்டியது 1840இல்தான். அதற்கு எழுபது வருடம் முன்னமே ஒரு சபை இதைச் செய்துகொண்டிருந்தது. அங்கே முதலில் கிடைத்தவர் ஆசிரியை. இடம் அவர் பின்னால் வந்தது.

இந்தக் கட்டுரையில் நான்கு வழிகளையும் அந்த வரிசையிலேயே எடைபோடுகிறேன்: ஆள் முதலில், அறை கடைசியில்.

## எதை வைத்து எடைபோடுவது

யாருக்காக? “பகுதிப் பிள்ளைகளுக்காக” என்று எல்லோரும் சொல்வார்கள். நேரத்தைக் கேளுங்கள், உண்மை தெரிந்துவிடும். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நடக்கும் பள்ளி, பகலில் வீட்டில் பெரியவர் ஒருவராவது இருக்கும் குடும்பத்துக்குத்தான் உதவும். காலை ஏழரைக்கு வேலைக்குப் போகும் தனித்தாய்க்கு அந்தப் பள்ளி இருந்தும் இல்லாததுதான். ஏழைக் குடும்பங்களுக்காக என்று தொடங்கி, அரைநாள் மட்டும் நடத்தி, கடைசியில் வசதியான வீட்டுப் பிள்ளைகளால் நிரம்பிய பள்ளிகள் உண்டு. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. மணிக்கணக்கு செய்த வேலை அது.

தலைமை ஆசிரியை யார்? மழலையர் கல்வியில் பயிற்சி பெற்றவரா, குறைந்தது மூன்று வருடம் நிற்பாரா, நியாயமான சம்பளம் கொடுக்க முடியுமா? இதற்கு விடை இல்லையென்றால் மற்ற எதுவும் விடையாகாது.

பணம். மழலையர் பள்ளியின் செலவில் பாதிக்கு மேல் சம்பளமாகத்தான் போகும். இடம் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று நினைப்பது கமிட்டிகளின் பழைய மயக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் கொண்ட ஒரு வகுப்பு, இரண்டு ஆசிரியைகள். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது அந்த வயதுக்குத் தாங்கக்கூடிய மேல் எல்லை. மூன்று வயதென்றால் இன்னும் குறைய வேண்டும். இரண்டு பேரின் சம்பளத்தையும் சேர்த்து 100 என்று வையுங்கள். அது மொத்தச் செலவில் 65 சதவீதம் என்றால், மொத்தச் செலவு 154. இருபது பேரும் கட்டணம் கட்டினால் தலைக்கு 7.7. ஐந்து இடங்களை இலவசமாக ஒதுக்கினால் மீதிப் பதினைந்து பேருக்குத் தலைக்கு 10.3. முதல் வருடம் அந்தப் பதினைந்தில் மூன்று இடம் நிரம்பவில்லை என்றால் 12.8. ஊழியம் என்று சொல்லும் பகுதிக்கு என்ன விலை என்பது இந்த மூன்று எண்களுக்கு இடையே இருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கட்டணம் கட்டும் பெற்றோர் சுமப்பதா, சபையின் காணிக்கை சுமப்பதா என்று திறப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

பொறுப்பு. ஒரு பிள்ளைக்கு அடிபட்டால், அதைவிட மோசமாக ஏதாவது நடந்தால், சட்டத்தின் முன் நிற்பது யார்? சபையின் நிலமும் கட்டடமும் அந்த வழக்குக்குள் வருமா?

முடிவெடுப்பவர் யார்? கட்டணம், விடுமுறை, ஒரு ஆசிரியையை அனுப்புவது: இவற்றில் கடைசிச் சொல் போதகருக்கா, கமிட்டிக்கா, தலைமை ஆசிரியைக்கா?

மூடும் வழி. இதை யாரும் கேட்பதில்லை. வருடத்தின் நடுவில் மூடினால் இருபது குடும்பங்கள் ஒரே வாரத்தில் வேறிடம் தேடி அலையும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சபையே நேரடியாக | தனி அறக்கட்டளை | இடத்தை வாடகைக்கு | பெற்றோரோடு விளையாட்டுக் குழு |
|---|---|---|---|---|
| தொடங்க ஆகும் காலம் | நடுத்தரம் | அதிகம் | குறைவு | மிகக் குறைவு |
| ஆசிரியையைத் தேடுவது | சபை | அறக்கட்டளைக் குழு | வாடகைதாரர் | அவசியம் குறைவு |
| பணச் சுமை | காணிக்கை மேல் விழும் | தனிக் கணக்கு. வெளி உதவிக்கு வழி | வருமானம் வரும் | சொற்பம் |
| சட்டப் பொறுப்பு | முழுதும் சபைக்கு | பெரும்பாலும் அறக்கட்டளைக்கு | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | குறைவு, ஆனால் உண்டு |
| விசுவாசப் பங்கு | அதிகம் | ஆவணத்தில் எழுதிய அளவு | பெயரளவு | பேச்சிலும் உறவிலும் |
| வேலைக்குப் போகும் பெற்றோருக்கு | நேரத்தைப் பொறுத்தது | முழுநாள் சாத்தியம் | முழுநாள் சாத்தியம் | உதவாது |
| நிறுத்துவது | கடினம், மனக்கசப்பு | முறைப்படி முடியும் | ஒப்பந்தம் முடிந்தால் முடிந்தது | எளிது |

அட்டவணை பாதிக் கதைதான். மறைந்திருக்கும் செலவுகள் கட்டத்துக்குள் அடங்குவதில்லை.

## வழி 1: சபையே நேரடியாக நடத்துவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், காரணமும் இருக்கிறது. போதகருக்குக் குடும்பங்களைத் தெரியும். ஒரு தகப்பனுக்கு வேலை போனால் அந்த வாரமே கட்டணத்தை விட்டுக்கொடுக்க முடியும். தனி விண்ணப்பம், குழுக்கூட்டம் எதுவும் வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் கதை சொல்ல வருவார்கள். தச்சுவேலை தெரிந்த விசுவாசி மணற்பெட்டி செய்து தருவார்.

சபைக்கு இன்னொரு பலமும் உண்டு. பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை: வீடு தேடிப் போகும் பழக்கம். அமெரிக்காவின் இப்சிலாண்டி நகரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். 123 பிள்ளைகளில் 58 பேர் அந்தப் பள்ளியில் படித்தார்கள். இரு தரப்பையும் நாற்பது வயதுக்குப் பிறகும் பின்தொடர்ந்து பார்த்ததில், படித்தவர்களின் வாழ்க்கை மேலாக இருந்தது. ஆனால் அந்தப் பள்ளியில் ஆசிரியைகள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய், தாயோடு ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்தார்கள் என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. வாரம் தவறாமல் வீட்டுக்குப் போவது ஒரு தனியார் நர்சரிக்குப் பெரும் செலவு. வீடு சந்திப்பை ஏற்கெனவே ஊழியமாகச் செய்யும் சபைக்கு அது கைவந்த வேலை. நேரடியாக நடத்துவதற்கு வலுவான நியாயம் இதுதான் என்பேன், வகுப்பறை ஜெபத்தைவிட.

இனி மறைசெலவுகள்.

கணக்கு முதலாவது. ஒரே வங்கிக் கணக்கில் பள்ளிக் கட்டணமும் காணிக்கையும் விழும். வருடக் கடைசியில் “பள்ளி சபையைத் தின்கிறது” என்று ஒரு பக்கமும், “பள்ளிப் பணத்தில் ஆலயக் கூரை போட்டார்கள்” என்று மறுபக்கமும் சொல்வார்கள். இரண்டுமே பொய் என்று நிரூபிக்க உங்களிடம் தாள் இருக்காது. முதல் நாளிலிருந்தே தனிக் கணக்கு வையுங்கள். மின்சாரம், தண்ணீர், துப்புரவு, ஆலயப் பணியாளரின் கூடுதல் நேரம் எல்லாவற்றையும் பள்ளியின் கணக்கில் எழுதுங்கள். சபை அதைத் தள்ளுபடி செய்யலாம். ஆனால் எவ்வளவு தள்ளுபடி செய்தோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

இரண்டாவது, கமிட்டி மாறும், போதகர் மாறுவார். பள்ளி ஒரு போதகரின் கனவாக மட்டும் இருந்தால் அவருடைய மாறுதல் உத்தரவோடு பள்ளியும் ஆட்டம் காணும்.

மூன்றாவது, சபை ஆளையே ஆசிரியையாக வைப்பது. நல்லவராக அமைந்தால் பாக்கியம். அமையாவிட்டால் அவரை விலக்குவது என்பது ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசையில் உட்காரும் ஒரு குடும்பத்தையே விலக்குவது.

நான்காவதுதான் மிக முக்கியம். சபைகள் நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை. பிள்ளைப் பாதுகாப்புக்கு அந்தக் குணமே ஓட்டையாகிவிடும். “நம்ம சபை ஆள்தானே, அவரிடம் போய்ச் சான்றிதழ் கேட்பதா?” என்ற கூச்சம் எங்கள் குழுவிலும் இருந்தது. கேளுங்கள். பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். வகுப்பறைக் கதவில் கண்ணாடி. பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்று எழுத்தில் ஒரு பட்டியல். பின்னணிச் சரிபார்ப்பு போதகருக்கும் உண்டு, கதை சொல்ல வரும் பாட்டிக்கும் உண்டு. அமெரிக்காவின் சில மாநிலங்களில் ஆலயங்கள் நடத்தும் பராமரிப்பு மையங்களுக்கு உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட சலுகை உங்கள் இடத்தில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தீயணைப்பு வழி, கழிப்பறை எண்ணிக்கை, ஆள் விகிதம் என்று வெளியாள் ஒருவர் வந்து பார்ப்பது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் காவல்.

இது பொருந்தும் இடம்: ஒரே வகுப்பு, பயிற்சி பெற்ற ஆசிரியை ஏற்கெனவே தயார், நஷ்டம் வந்தால் மூன்று வருடம் தாங்குவோம் என்று சபை கூடி ஒத்துக்கொண்டிருக்கிறது.

## வழி 2: தனி அறக்கட்டளை அல்லது சங்கம்

சபை ஒரு தனிப் பதிவு பெற்ற அமைப்பை உருவாக்கி, அதன் நிர்வாகக் குழுவில் சில இடங்களை வைத்துக்கொள்கிறது. ஐந்து முதல் ஏழு பேர் போதும்: கணக்குத் தெரிந்த ஒருவர், சட்டம் தெரிந்த ஒருவர், கல்வித் துறையிலிருந்து ஒருவர், பெற்றோரில் ஒருவர், மீதி சபையிலிருந்து. மண்டபத்தைப் பயன்படுத்துவதற்கு இரு தரப்புக்கும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம்.

இதன் லாபம் தெளிவானது. வழக்கு வந்தால் பெரும்பாலும் அந்த அமைப்போடு நிற்கும். ஆலயச் சொத்துக்குள் சுலபத்தில் நுழையாது. வழிபாட்டு அமைப்புக்கு நேரடியாகப் பணம் தரத் தயங்கும் அரசுத் துறைகளும் கொடையாளர்களும் தனி அமைப்பென்றால் தருவதுண்டு. போதகர் மாறினாலும் பள்ளி நிற்கும்.

மறைசெலவு இரண்டு. ஒன்று அலுப்பு: பதிவு, வருடாந்தரத் தணிக்கை, கூட்டக் குறிப்பேடு, போதுமான ஆள் (கோரம்) சேராத கூட்டங்கள். சபையில் இதற்கு மனமும் நேரமும் உள்ளவர்கள் மூன்று பேராவது இல்லையென்றால் எல்லாம் ஒரே ஆளின் அலமாரியில் போய்த் தூங்கும்.

மற்றது மெதுவாக வருவது. முதல் ஐந்து வருடம் “நம்ம பள்ளி” என்பார்கள். பத்தாவது வருடம் “அவங்க பள்ளி” என்பார்கள். நிர்வாகக் குழுவில் திறமைசாலிகள் சேர்ந்து, தரம் உயர்ந்து, கட்டணமும் உயர்ந்து, இலவச இடங்கள் ஐந்திலிருந்து இரண்டாகி, எந்தக் குடும்பங்களுக்காகத் தொடங்கினோமோ அந்தக் குடும்பங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். இதைத் தடுக்க நல்லெண்ணம் போதாது. அமைப்பு ஆவணத்திலேயே எழுதுங்கள். கட்டணமில்லாத இடங்கள் மொத்தத்தில் இத்தனை சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதை மாற்றச் சபையின் ஒப்புதல் வேண்டும், நிர்வாகக் குழுவில் சபையின் இடங்கள் இத்தனை என்று. பதிவுக்கு முன் எழுதுவதற்கு ஒரு மாலை போதும். பிறகு சேர்ப்பதற்கு ஒரு சண்டை வேண்டும்.

இது பொருந்தும் இடம்: இரண்டு வகுப்புக்கு மேல், முழுநாள், வெளி நிதி தேவை என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

## வழி 3: நடத்தத் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விடுவது

சில போதகர்கள் இதை ஊழியமே அல்ல என்று ஒதுக்குகிறார்கள். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். அக்கம்பக்கத்தில் நல்ல பராமரிப்பு மையம் ஒன்று இடம் கிடைக்காமல் தவிக்கிறது, உங்களிடம் ஆசிரியை இல்லை, ஆனால் இடம் இருக்கிறது என்றால், அந்த இடத்தைக் கொடுப்பதே பகுதிக்குச் செய்யும் உதவி. நாம் நடத்த வேண்டும் என்ற ஆசை வேறு, பிள்ளைகளுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்ற ஆசை வேறு. இரண்டில் எது நம்முடையது என்று இந்த வழி காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்கல்கள் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. வெளியே நிற்பவர்களுக்கு அது “சர்ச் பள்ளி”தான். பெயர்ப்பலகையில் யார் பெயர் இருந்தாலும் சரி. அங்கே பிள்ளை தவறாக நடத்தப்பட்டால் பேச்சு உங்கள் வாசலுக்கு வரும். எனவே வாடகைதாரரின் உரிமம், காப்பீடு, பிள்ளைப் பாதுகாப்புக் கொள்கை மூன்றையும் வருடாவருடம் வாங்கிப் பாருங்கள். வழிபாட்டுக் கட்டடத்துக்கு வரிவிலக்கு உள்ள இடங்களில், ஒரு பகுதியை வணிகத்துக்கு விட்டால் அந்தப் பகுதியின் விலக்கு போகலாம். கையெழுத்துக்கு முன் கணக்காளரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் வரும் வாடகை வரிக்கே போகும்.

சந்தை வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகச் சபை சொல்லும் நான்கு குடும்பங்களுக்குக் கட்டணமில்லாத இடம் கேட்டு வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்துக்குள் ஊழியத்தை நுழைக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

இது பொருந்தும் இடம்: ஆள் இல்லை, தேவை உடனடி, நம்பிக்கையான நடத்துநர் கண்ணெதிரே இருக்கிறார்.

## வழி 4: பெற்றோரோடு கூடும் விளையாட்டுக் குழு

வாரம் இரண்டு காலை, இரண்டு மணிநேரம். பிள்ளையை விட்டுவிட்டுப் போவதில்லை. தாயோ தகப்பனோ பாட்டியோ கூடவே இருக்கிறார். பொம்மை, மண், தண்ணீர், பாட்டு, ஒரு கதை. பெற்றோர் உடனிருப்பதால் பெரும்பாலான இடங்களில் சட்டச் சுமை குறைவு.

கமிட்டிக் கூட்டங்களில் இந்த யோசனையைச் சொன்னால் முகம் சுருங்கும்: “அது பள்ளி இல்லையே.” ஆனால் 1961இல் இங்கிலாந்தில் பெல் டூடாயெவ் என்ற தாய் கார்டியன் பத்திரிகைக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து பெற்றோர் நடத்தும் விளையாட்டுக் குழுக்களின் இயக்கமே பிறந்தது. மழலையர் பள்ளிகளில் இடம் கிடைக்காத தாய்மார் தாங்களே கூடி நடத்தினார்கள். அவற்றில் ஏராளமானவை ஆலய மண்டபங்களில்தான் நடந்தன.

இதன் மதிப்பு வேறு எதிலும் கிடைக்காத ஒன்று: பகுதியில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எத்தனை பேருக்கு முழுநாள் பராமரிப்பு வேண்டும், எந்தப் பிள்ளை இரண்டரை வயதிலும் பேசவில்லை, எந்தத் தாய்க்கு வாரம் முழுவதும் பேச்சுத் துணை இல்லை. எந்தக் கருத்துக்கணிப்புத் தாளிலும் வராத விவரம் மண் விளையாட்டுப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது வரும்.

குறை வெளிப்படையானது: வேலைக்குப் போகும் பெற்றோர் வரவே முடியாது. தன்னார்வலர்கள் ஒரு வருடத்தில் களைத்துப்போவார்கள். கவனிக்காவிட்டால் பெரியவர்களின் அரட்டையாகி, பிள்ளைகள் சுவரோரம் தள்ளுமுள்ளு செய்துகொண்டிருப்பார்கள்.

இது பொருந்தும் இடம்: மேலே கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு மேல் உங்களிடம் விடை இல்லை.

## எந்த வழியில் போனாலும் வரும் மூன்று தகராறுகள்

அறை. வெள்ளிக்கிழமை நான்கு வயதுப் பையன் ஒருவன் கட்டைகளை அடுக்கி, தன் மார்பளவுக்கு ஒரு கோபுரம் கட்டினான். வீட்டுக்குப் போக மனமில்லை. ஆசிரியை ஒரு தாளில் சிவப்பாகக் கை வரைந்து ‘தொடாதே’ என்று ஒட்டிக்கொடுத்தார். ஞாயிறு பள்ளிக்கு அந்த மூலை வேண்டியிருந்தது. திங்கள் காலை கட்டைகள் பெட்டிக்குள், தாள் குப்பையில். பையன் அழவில்லை, அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே காலணியைக் கழற்றாமல் நின்றான். ஞாயிறு பள்ளிக்காரர்கள் மேல் தவறு இல்லை, அவர்களுக்கும் அது வகுப்பறை. அவர்களுடைய வண்ணக்குச்சிகள் வார நாளில் காணாமல்போன கதை அவர்களிடம் தனியாக இருந்தது. சக்கரம் வைத்த, பூட்டக்கூடிய அலமாரிகள் இரண்டு தரப்புக்கும் தனித்தனியாக வாங்குங்கள். தொடாமல் விடவேண்டிய ஒரு மூலையை எழுத்தில் குறியுங்கள்.

வார நாள் அடக்க ஆராதனையையும் முன்கூட்டிப் பேசவேண்டும். பதினொரு மணிக்குப் பெட்டி வாசலில் இறங்கும்போது, பத்தடி தள்ளி இருபது பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கலாம். துக்க வீட்டாருக்கு அது ஆறுதலா, ரணமா என்று முன்பே சொல்ல முடியாது. ஆராதனை நேரத்தில் பிள்ளைகள் உள்ளே வேறு வேலையில் இருப்பார்கள் என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது. “பெட்டிக்குள்ளே யாரு?” என்று கேட்கும் பிள்ளைக்கு நேரான, சுருக்கமான பதிலை ஆசிரியைகள் தயாராக வைத்திருக்கட்டும்.

வேதபாடம். வேறு மதத்துப் பிள்ளைகள் வருவார்கள். வரவேண்டும் என்றுதானே தொடங்குகிறோம். காலை ஜெபம் உண்டா, கதைகள் என்னென்ன, பண்டிகை எப்படிக் கொண்டாடப்படும் என்று சேர்க்கைத் தாளிலேயே எழுதுங்கள். பிறகு தெரியவந்தால் அது ஏமாற்று. முன்பே தெரிந்தால் அது தேர்வு. கதைகளிலும் கவனம் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை எதையும் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும். தகப்பன் மகனைப் பலியிடக் கூட்டிப்போகும் கதையில் பெரியவர்கள் விசுவாசத்தைக் கேட்கிறார்கள். பிள்ளை கத்தியைக் கேட்கிறது. காணாமல்போன ஆடு, புயலடங்கிய படகு, கூரை வழியாக இறக்கப்பட்ட மனிதன் என்று மூன்று வருடத்துக்குப் போதுமான கதைகள் இருக்கின்றன.

ஆள் கணக்கு. இரண்டாவது வருடக் கூட்டத்தில் யாராவது கேட்பார்: “பள்ளியால் சபைக்கு எத்தனை குடும்பம் வந்தது?” பெரும்பாலும் விடை மிகச் சிறிய எண்ணாக இருக்கும். அந்த எண்ணை வைத்துப் பள்ளியை எடைபோடுவதாக இருந்தால், தயவுசெய்து தொடங்காதீர்கள். பெற்றோர் அதை மோப்பம் பிடித்துவிடுவார்கள். ஆசிரியை மேல் விற்பனைப் பிரதிநிதியின் சுமை ஏறும். எண்ண வேண்டுமென்றால் வேறு எண்ணுங்கள்: கட்டணமில்லாத இடங்கள் எத்தனை, ஆசிரியை எத்தனை வருடம் நின்றார், வருடத்துக்கு எத்தனை வீடு சந்தித்தோம்.

## என்னிடம் அதிகம் கேட்கப்படும் சூழல்

நாற்பது, ஐம்பது குடும்பங்கள் உள்ள சபை, ஒரே மண்டபம், உற்சாகமான போதகர், பயிற்சி பெற்ற ஆசிரியை யாரும் இல்லை, சேமிப்பில் ஒரு வருடச் சம்பளத்துக்கு மட்டும் பணம். இவர்களில் பெரும்பாலோர் முதல் வழியைத்தான் மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

நான் சொல்வது: நான்காவது வழியை ஒரு வருடம் நடத்துங்கள். சேமிப்பில் இருக்கும் பணத்தைக் குட்டி நாற்காலிக்குச் செலவழிக்காமல், சபையிலோ அந்தக் குழுவுக்கு வரும் தாய்மாரிலோ பிள்ளைகளோடு இயல்பாகப் பழகும் ஒருவரை மழலையர் கல்விப் பயிற்சிக்கு அனுப்பச் செலவழியுங்கள். படிப்பு முடிந்து அவர் வரும்போது பகுதியின் தேவை அரைநாளா முழுநாளா என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அரைநாள், ஒரு வகுப்பு என்றால் முதல் வழி. முழுநாள் என்றால் அப்போதே அறக்கட்டளையைப் பதிவு செய்யத் தொடங்குங்கள். இதற்கிடையில் நல்ல நடத்துநர் யாராவது இடம் கேட்டு வந்தால் மூன்றாவது வழியையும் ஒதுக்காதீர்கள்.

திறக்கும் நாளில் மூடும் விதியையும் கமிட்டிக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பைத் தொட்டால், நடக்கும் கல்வியாண்டை முடித்துவிட்டு நிறுத்துவோம். பெற்றோருக்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பே சொல்வோம். அந்த நான்கு மாதத்துக்கும் ஆசிரியையின் சம்பளம் குறையாது. இந்த மூன்று வரியில் கையெழுத்துப் போடக் கமிட்டி தயங்கினால், மண்டபம் இன்னும் கொஞ்ச நாள் பூட்டியே இருக்கட்டும்.